மேக்ரோபயாடிக் உணவு: விருந்தாளி கேட்கிறார், எதைச் சமைப்பது?

விருந்தோம்பி:

வணக்கம் நண்பர்களே. புதுச்சேரியில் ஒரு சிறிய தங்கும் விடுதியின் சமையலறை என் பொறுப்பில் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிக்குமேல் வெளிநாட்டவர். பால் ஆகாது, கோதுமை ஆகாது, முட்டை வேண்டாம் என்று ஆளுக்கொரு பட்டியலோடு வருவார்கள். எல்லாவற்றையும் சமாளித்திருக்கிறேன். அடுத்த மாதம் பெல்ஜியத்திலிருந்து ஓர் அம்மையார் வருகிறார். தங்கியிருக்கும் நாள் முழுவதும் "மேக்ரோபயாடிக்" உணவு மட்டுமே வேண்டுமாம்.

அவர் அனுப்பியிருக்கும் விவரம் இதுதான். தீட்டாத அரிசி வேண்டும். தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், குடைமிளகாய் கூடாது. பால், சர்க்கரை, காபி கூடாது. மிளகாய் அறவே கூடாது. எண்ணெய் குறைவாக இருக்க வேண்டும். எப்போதாவது மீன் சரியாம், ஆனால் வாழைப்பழமும் மாம்பழமும் வேண்டாமாம்! மைக்ரோவேவில் எதையும் சூடாக்கக் கூடாது என்று அடிக்கோடிட்டு வேறு எழுதியிருக்கிறார்.

கூடாதவற்றை மனப்பாடம் செய்வதைவிட, ஏன் கூடாது என்று புரிந்துகொண்டால் நானே யோசித்துச் சமைத்துவிடுவேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எள்ளுருண்டை:

மீன் சாப்பிடலாம், வாழைப்பழம் சாப்பிடக் கூடாது. இது எந்த வைத்தியர் சொன்ன பத்தியம் அக்கா?

பழைய நூலகர்:

அம்மா, கொஞ்சம் பின்னால் போய்த்தான் இதைத் தொடங்க வேண்டும். மேக்ரோபயாடிக் என்ற பெயர் ஐரோப்பாவில் பழையது. ஹூஃபெலாண்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆயுளை நீட்டிக்கும் கலைக்கு அந்தப் பெயரை வைத்தார். உங்கள் விருந்தாளி சொல்கிற உணவுமுறை பிறந்த இடம் ஜப்பான்.

இஷிசுகா சாகென் (1851-1909) என்று ஒரு ராணுவ மருத்துவர். அவர் காலத்தில் ஜப்பானை வாட்டிய நோய் பெரிபெரி, நரம்பையும் இதயத்தையும் தாக்குவது. பளபளவென்று தீட்டிய வெள்ளை அரிசியே பெருமை என்று ஆனதன் விளைவு அது. 1904-05 ரஷ்யப் போரில் ஜப்பானியத் தரைப்படையில் ஏறத்தாழ 27,000 பேர் பெரிபெரிக்கே பலியானார்கள். தவிட்டோடு போய்விடுகிற பி1 வைட்டமினின் குறைவுதான் காரணம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. சோடியமும் பொட்டாசியமும் சமநிலையில் இருப்பதே உடல்நலம், அந்தச் சமநிலை தீட்டாத தானியத்தில் இருக்கிறது என்று இஷிசுகா சொன்னார். காரணம் பிசகு, ஆனால் அவர் சாப்பிடச் சொன்ன அரிசி சரியான அரிசி.

அவர் வழியில் வந்தவர் ஜார்ஜ் ஓசாவா (1893-1966). இயற்பெயர் சகுராசாவா யுகிகாசு, பிறந்தது கியோட்டோ. மருத்துவம் படித்தவர் அல்லர். இளமையில் வந்த காசநோய் இந்த உணவால் தீர்ந்தது என்று சொல்லிக்கொண்டார். சீனத் தத்துவம் சொல்லும் எதிரெதிர் ஆற்றல்கள் யின், யாங்; இஷிசுகாவின் சோடியத்தை யாங் என்றும் பொட்டாசியத்தை யின் என்றும் ஆக்கி, ரசாயனத்தைத் தத்துவமாக மாற்றியது அவர்தான். 1929இல் பாரிஸ் போனார். பிறகு நாடு நாடாகச் சுற்றினார். அவருடைய மாணவர் மிச்சியோ குஷி 1949இல் அமெரிக்கா போய், பின்னாளில் பாஸ்டனில் இதைப் பெரிய இயக்கமாக வளர்த்தார். பெல்ஜியத்திலிருந்து ஒருவர் இதைக் கேட்பதில் வியப்பில்லை. ஐரோப்பாவில் இந்த உணவுப் பொருள்களைத் தயாரிப்பதற்கென்றே 1957இல் தொடங்கிய லீமா என்ற நிறுவனம் அந்த நாட்டுடையது. ஓசாவாவின் மனைவி பெயர் லீமா.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். இவர்கள் கணக்கில் எல்லா உணவும் ஒரு கோட்டில் நிற்கிறது. ஒரு முனையில் இறைச்சி, முட்டை, கெட்டியான சீஸ், அளவு மீறிய உப்பு. இவை உடலை இறுக்குபவை, யாங். மறு முனையில் சர்க்கரை, மது, காபி, பால், காரமான மசாலா, வெப்பநாட்டுப் பழங்கள். இவை தளர்த்துபவை, யின். நடுவில் முழுத்தானியம், பருப்பு, காய்கறி, கடற்பாசி. ஒரு முனைக்குப் போனவன் அதை ஈடுகட்ட மறு முனைக்கு ஓடுவான், இறைச்சி தின்றவனுக்கு இனிப்பு கேட்கும், ஆகவே நடுவிலேயே இரு என்பதுதான் போதனை. தக்காளி, உருளை, கத்தரி, குடைமிளகாய் நான்கும் ஒரே தாவரக் குடும்பம். அந்தக் குடும்பத்தையே கடும் யின் என்று ஒதுக்கிவிட்டார்கள். மிளகாயும் அதே குடும்பம்தான், காரமும் சேர்ந்ததால் இரட்டைக் குற்றம்.

குஷி வகுத்த தட்டில் பாதி முதல் அறுபது விழுக்காடு வரை முழுத்தானியம், கால் பங்கு அல்லது சற்றுக் கூடுதலாகக் காய்கறி, மீதி சூப், பருப்பு, கடற்பாசி. ஒவ்வொரு கவளத்தையும் ஐம்பது முறையாவது மெல்ல வேண்டும். நம்மூரில் "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

தோப்புத்துறை:

நூலகர் ஐயா அழகாகச் சொன்னார், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். ஓசாவா பத்துப் படி உணவுத்திட்டம் ஒன்று வைத்திருந்தார். படிகளின் எண்கள் மைனஸ் மூன்றில் தொடங்கி ஏழில் முடியும், சுழியம் கிடையாது. கீழ்ப்படியில் மீன், இறைச்சி, பழம் எல்லாம் உண்டு. படி ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே போகும். உச்சியில் உள்ள "ஏழாம் எண்" திட்டத்தில் நூற்றுக்கு நூறு தானியம் மட்டுமே. தண்ணீரையும் முடிந்தவரை குறைக்க வேண்டும். 1965இல் நியூ ஜெர்சியில் 24 வயதுப் பெண் ஒருவர் அந்த ஏழாம் எண்ணைப் பின்பற்றி எலும்பும் தோலுமாக இறந்துபோனார். நடுவர் குழு விசாரணை வரை போன விவகாரம் அது. 1971இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உணவுக் குழு வெளியிட்ட எச்சரிக்கையில் ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்), ரத்தசோகை, புரதக் குறைவு, தண்ணீர் குறைந்ததால் சிறுநீரகப் பாதிப்பு என்று வரிசையாக இருக்கிறது.

"நடுவிலேயே இரு" என்று உபதேசித்தவர் கோட்டின் கடைசியில் ஒரு படியைக் கட்டி, அதற்கு உச்சி என்று பெயர் வைத்தாரே, அதுதான் எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். குஷி தம்பதியர் 1966இல் பாஸ்டனில் தொடங்கிய சின்னஞ்சிறு கடையின் பெயர் எரவான். இன்று லாஸ் ஏஞ்சல்ஸில் அதே பெயரில் நடிகர்கள் வரிசையில் நிற்கும் அங்காடிகள் இருக்கின்றன. ஒரு கோப்பைப் பழக்கூழ் இருபது டாலர் வரை விற்கிறது. எளிமைக்கு வந்த விலை!

பழைய நூலகர்:

தோப்புத்துறையாரே, அந்தச் சாவு நடந்தது உண்மை, நான் மறுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் குஷியும் அவர் கூட்டாளிகளும் அந்தப் படிகளை ஓரங்கட்டிவிட்டு, பல வகை உணவு சேர்ந்த பொதுத் திட்டத்துக்கு வந்தார்கள். இன்று மேக்ரோபயாடிக் என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் பின்பற்றுவது அதைத்தான். இவர்கள் போட்ட பாதையில் நல்லதும் நடந்திருக்கிறது. தவிடு நீக்காத அரிசி, இயற்கை முறையில் விளைந்த தானியம், சோயா உணவுகள் எல்லாம் அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததில் இவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் 1999இல் குஷி குடும்பத்தின் ஆவணங்களைச் சேகரத்தில் சேர்த்துக்கொண்டது அதற்காகத்தான்.

எரவானுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அந்தக் கடை குஷிகளின் கையை விட்டுப் போய் எத்தனையோ காலம் ஆகிறது.

கன்சாய்த் தமிழன்:

நான் ஒசாகா பக்கம் நெடுங்காலமாக இருக்கிறேன். முதலில் ஒரு மாயையைக் கலைத்துவிடுகிறேன். ஜப்பானியர்கள் இப்படிச் சாப்பிடுவதில்லை. எங்கள் அலுவலக உணவகத்தில் பல்லில் ஒட்டும் வெள்ளைச் சோறு, பொரித்த கோழி, கறிக்குழம்பு, ஐஸ்கிரீம் எல்லாம் உண்டு. "கென்மாய்" என்கிற தீட்டாத அரிசியைத் தினமும் சமைக்கும் வீடு எனக்குத் தெரிந்து அபூர்வம். "மாக்ரோபி" என்று சுருக்கிச் சொல்வார்கள். அதற்கென்று சிறு உணவகங்கள் உண்டு, விலை சற்றுக் கூடுதல், கூட்டம் குறைவு.

ஆனால் இந்த முறையின் வேரில் இருக்கிற ஒரு கொள்கையை யாரும் இன்னும் சொல்லவில்லை. "ஷின்தோ ஃபுஜி". உடம்பும் அது நிற்கிற மண்ணும் இரண்டல்ல என்று பொருள். நீ வாழும் இடத்தில், அந்தந்தப் பருவத்தில் விளைவதைச் சாப்பிடு. அதனால்தான் குளிர்நாட்டுக்காரருக்கு வாழைப்பழம் வேண்டாம் என்றார்கள். பெல்ஜியத்தில் ஜனவரி மாதம் மாம்பழம் தின்பது அவர்கள் கணக்கில் குற்றம். குஷியின் விழுக்காடுகளும் நான்கு பருவம் உள்ள மிதவெப்ப நாடுகளுக்கானவைதான். வெப்பநாடுகளுக்கு வேறு தட்டு என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அப்படியிருக்க, அந்த அம்மையார் புதுச்சேரிக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, கடல் கடந்து வந்த மிசோவை, அதாவது புளிக்கவைத்த சோயா விழுதைக் கரைத்துக் குடித்து, வாசலில் காய்த்துத் தொங்கும் வாழைப்பழத்தை ஒதுக்கினால், அவர் தம் கொள்கையைத்தான் ஒதுக்குகிறார். அக்கா, நீங்கள் தயங்காமல் அவரிடம் இதைக் கேளுங்கள்.

எள்ளுருண்டை:

அப்படியானால் தக்காளியும் புதுச்சேரியில் விளைகிறதே. மிளகாயும் விளைகிறது. குண்டு மிளகாய்க்கு யாங் பட்டம் கிடைக்குமா?

கன்சாய்த் தமிழன்:

கிடைக்காது. அங்கேதான் கொள்கையும் பட்டியலும் முட்டிக்கொள்கின்றன. முட்டும்போது பட்டியல் பக்கம் நிற்பவர்களே அதிகம். சம்பளமில்லாத வக்கீல்கள்.

சத்துக்கணக்கு:

உணவியல் படித்து, மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். யின், யாங் தத்துவத்தில் நம்பிக்கை வைப்பது அவரவர் விருப்பம். ஆனால் அதற்கு ரசாயன வேடம் போட்டால் கணக்குக் கேட்பது என் தொழில். ஓசாவா, பொட்டாசியம் ஐந்து பங்குக்குச் சோடியம் ஒரு பங்கு என்பதைச் சமநிலைக் கோடாக வைத்தார். தீட்டாத அரிசி அந்தக் கோட்டுக்கு அருகில் இருப்பதாகச் சொல்லி நடுவில் வைத்தார்கள். நூறு கிராம் தீட்டாத அரிசியில் பொட்டாசியம் இருநூறு மில்லிகிராமுக்குமேல் இருக்கிறது. சோடியமோ பத்துக்கும் கீழே. ஐந்துக்கு ஒன்று எங்கே, இது எங்கே?

இப்போது நடைமுறை. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர் ஒருவர் முழுத்தானியம், பருப்பு, கீரை, காய், எப்போதாவது மீன் என்று ஒரு மாதம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. நார்ச்சத்து கூடும், சர்க்கரை குறையும். பெரும்பாலோருக்கு நன்மைதான். ஆண்டுக்கணக்கில் தொடர்பவர்களுக்கு பி12, வைட்டமின் டி, கால்சியம், இரும்பு ஆகியவற்றில் கவனம் வேண்டும். மிசோவிலும் கடற்பாசியிலும் பி12 போதுமான அளவு கிடைத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இந்த வட்டாரத்தில் உலவியது. அதை நம்பி மாத்திரையைத் தவிர்க்கக் கூடாது.

குழந்தைகள் விஷயத்தில் நான் கடுமையாகவே பேசுவேன். நெதர்லாந்தில் 1980களில் மேக்ரோபயாடிக் குடும்பத்துக் குழந்தைகளை ஆய்வு செய்தார்கள். தாய்ப்பால் மறந்து திட உணவுக்கு மாறும் பருவத்தில் வளர்ச்சி பின்தங்கியது, எலும்பு வலுவிழக்கும் ரிக்கெட்ஸ் தெரிந்தது, பி12 குறைந்திருந்தது. கொழுப்பும் மீனும் பாலும் சேர்க்கச் சொல்லி ஆய்வாளர்கள் அறிவுறுத்தினார்கள், பல குடும்பங்கள் கேட்டுக்கொண்டன. அந்தப் பிள்ளைகளில் சிலரை வளரிளம் பருவத்தில் மறுபடி சோதித்து 2000இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாக ஆறு வயது வரை இதைச் சாப்பிட்டுப் பிறகு உணவை மாற்றிக்கொண்டவர்களிலும் சில அறிவுத்திறன் சோதனைகளில் குறை தெரிந்தது. ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தத்துவம் தெரியாது, பசிதான் தெரியும்.

விருந்தோம்பி:

எல்லோருக்கும் நன்றி. ஒரே மூச்சில் படித்தேன். கன்சாய்த் தம்பி சொன்னபடி அந்த அம்மையாருக்கு எழுதிக் கேட்டேன். பதில் வந்துவிட்டது. ஊரில் விளைகிற பழத்தை மதிய வேளையில் அளவாகச் சாப்பிடுகிறாராம். இளநீருக்கும் சரி என்கிறார். தக்காளிக்கும் மிளகாய்க்கும் மட்டும் மசியவில்லை. கத்தரிக்காயைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. தண்ணீரைக் குறைக்கும் பேச்சுக்கே இடமில்லை, புதுச்சேரி வெயிலில் அது நடக்காது என்று சொல்லிவிட்டேன்.

சமையலுக்கு நான் யோசித்திருப்பது: கைக்குத்தல் அரிசியும் சாமையும் மாறி மாறி. காராமணி, பாசிப்பயறு, கொண்டைக்கடலை. பரங்கிக்காய், முள்ளங்கி, கேரட், முட்டைக்கோஸ், அரைக்கீரை, முருங்கைக்கீரை. கைக்குத்தல் அரிசிதான் சோதிக்கிறது. குக்கரில் வைத்தால் மேலே குழைந்து, நடுவில் விதையாக நிற்கிறது. மிசோவுக்கு மாற்று என்ன, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்பதும் பிடிபடவில்லை.

கன்சாய்த் தமிழன்:

அரிசியை முதல் நாள் இரவே கழுவி ஊறவையுங்கள் அக்கா. அது பாதி வேலை. காலையில் அந்த நீரை வடித்துவிட்டு, ஒரு பங்குக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. விசில் வரும் அறிகுறி தெரிந்ததும் தீயை நன்றாகக் குறைத்து நாற்பது நிமிடத்துக்கு மேல் விட வேண்டும். ஆவி தானாக அடங்கும் வரை குக்கரைத் தொடாதீர்கள். நம்மூர் கைக்குத்தல் அரிசி ரகத்துக்கு ரகம் மாறும், தண்ணீரைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு ஓரமாகக் கிளறாமல், அடியிலிருந்து மேலாகப் புரட்டிவிட்டால் சோறு சீராக இருக்கும்.

தொட்டுக்கொள்ள இவர்கள் வைப்பது கோமாஷியோ, அதாவது எள்ளும் உப்பும். பத்து, பதினைந்து பங்கு எள்ளுக்கு ஒரு பங்கு உப்பு. உப்பைத் தனியாக வெறும் வாணலியில் சூடாக்கி முதலில் பொடிப்பார்கள். எள்ளைக் கழுவி, ஈரம் போக வறுத்து, இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து நசுக்கினால் உடைகிற பதத்தில் இறக்குவார்கள். உள்பக்கம் வரிவரியாக இருக்கும் மண் சட்டியில் மரக் குழவியால் வட்டமாக, அழுத்தாமல் அரைப்பார்கள். எள் எண்ணெய் கக்கிக் கட்டியாகிவிடக் கூடாது, உப்பின் மேல் எள்ளெண்ணெய் பூசினால் போதும் என்பது பக்குவம். மிக்ஸியில் போட்டால் அந்தப் பதம் வராது. உங்கள் வீட்டு எள்ளுப்பொடியில் மிளகாயையும் பெருங்காயத்தையும் நீக்கினால் ஏறத்தாழ அதுதான்.

உமெபோஷி என்கிற உப்புப் பழத்தை அவர் கேட்டால் திகைக்காதீர்கள். இங்கே காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சியோடு அதைத்தான் கொடுக்கிறார்கள். உங்கள் பரணில் மிளகாய் படாத உப்பு நார்த்தங்காய் இருக்குமே? அதை ஒரு துண்டு எடுத்து வையுங்கள். புளிப்பும் கரிப்பும் கசப்பும் சேர்ந்த அந்தச் சுவை அவருக்குப் புதிதாக இருந்தாலும் அந்நியமாக இருக்காது. மிசோவுக்கு நம்மூரில் மாற்று கிடையாது. மிளகு சேர்க்காமல் பாசிப்பருப்புத் தண்ணீரில் முள்ளங்கியும் வெங்காயமும் வேகவைத்து, சூப் என்று கொடுத்துவிடுங்கள். அவர் மிசோ கொண்டுவந்தால் அடுப்பை அணைத்த பிறகு கரைத்துச் சேருங்கள். கொதிக்க விட்டால் மணம் போய்விடும்.

ஆடிப்பட்டம்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் சித்தப்பாவுக்குப் புற்றுநோய். கீமோ பாதியில் இருக்கிறது. யாரோ ஒருவர் வந்து, இந்த உணவை மட்டும் சாப்பிட்டால் போதும், ஊசியே வேண்டாம் என்று வீட்டில் பேசிவிட்டுப் போயிருக்கிறார். அமெரிக்க மருத்துவர் ஒருவரே இதனால் குணமாகிப் புத்தகம் எழுதியதாகவும் சொன்னார். உண்மையா?

சத்துக்கணக்கு:

சிகிச்சையை நிறுத்த வேண்டாம். இதை முதலில் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு மீதியைப் படியுங்கள்.

அந்த மருத்துவர் அந்தோணி சட்டிலாரோ, பிலடெல்பியாக்காரர். பரவிய புராஸ்டேட் புற்றுநோய் இந்த உணவால் விலகியது என்று 1982இல் எழுதினார். அவர் அறுவை சிகிச்சையும் ஹார்மோன் சிகிச்சையும் எடுத்துக்கொண்டவர் என்பதை மேடையில் சொல்பவர்கள் விட்டுவிடுவார்கள். நோய் திரும்பி வந்து 1989இல் இறந்தார். இந்த உணவு புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கீமோவில் இருப்பவருக்கு எடை குறைவதே பெரிய ஆபத்து, புரதமும் கலோரியும் வேண்டும். வெறும் அரிசியும் கீரையும் அவரை இன்னும் இளைக்க வைக்கும். சாப்பாட்டில் எந்த மாற்றம் செய்தாலும் அவருடைய மருத்துவரிடமும் அங்குள்ள உணவியலாளரிடமும் கேட்டுச் செய்யுங்கள்.

தோப்புத்துறை:

குஷியின் மனைவி அவலைன் 2001இல் புற்றுநோயால் இறந்தார். குஷியும் 2014இல் கணையப் புற்றுநோயால்தான் இறந்தார். இதையும் சித்தப்பா வீட்டில் சொல்லுங்கள்.

பழைய நூலகர்:

அந்த வாதத்தை மட்டும் நான் ஏற்க மாட்டேன் ஐயா. குஷி எண்பத்தெட்டு வயது வாழ்ந்தவர். ஒருவர் எந்த நோயில் இறந்தார் என்பது அவர் சாப்பாட்டுக்கு எதிரான சாட்சியும் ஆகாது, ஒருவர் பிழைத்தது அதற்கு ஆதரவான சாட்சியும் ஆகாது. ஒற்றை ஆளைக் காட்டிப் பேசும் அந்த வழக்கத்தால்தான் இந்தக் குழப்பமே வந்தது. புற்றுநோய்க்கு மருந்து என்று அவர்கள் கிளம்பாமல், நன்றாக மென்று உள்ளூர்ச் சோற்றைத் தின்னுங்கள் என்பதோடு நின்றிருந்தால் நீங்களும் நானும் சண்டை போட ஒன்றும் இருந்திருக்காது.

ஆடிப்பட்டம்:

நன்றி அக்கா, நன்றி ஐயா. வீட்டில் படித்துக் காட்டினேன். அடுத்த ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம்.

விருந்தோம்பி:

தம்பி, சித்தப்பா நலம்பெற வேண்டிக்கொள்கிறேன்.

என் பக்கம் ஒரு கடைசிக் கேள்வி. அம்மையார் ஹிஜிகி என்ற கருப்புக் கடற்பாசியைக் கையோடு கொண்டுவருகிறாராம், தினம் சமைத்துத் தர வேண்டுமாம். கடற்பாசி என்றால் எனக்குத் தெரிந்தது நோன்புக் கால இனிப்புதான்.

சத்துக்கணக்கு:

ஹிஜிகி மட்டும் வேண்டாம். அதில் கனிம ஆர்சனிக் அதிகம். பிரிட்டன் உணவுத்தர அமைப்பு 2004இலேயே சாப்பிட வேண்டாம் என்று மக்களுக்குச் சொல்லிவிட்டது. கொம்பு, வாகமே, நோரி என்ற மற்றக் கடற்பாசிகள் என்றால் சிறிதளவு சமைக்கலாம். அவருக்குத் தைராய்டுக் கோளாறு உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். குறிப்பாகக் கொம்பில் அயோடின் மிக அதிகம்.

கன்சாய்த் தமிழன்:

அந்த நோன்புக் கால இனிப்பு வேலைக்கு ஆகும் அக்கா. நீங்கள் சொல்லும் கடற்பாசியை இங்கே கன்தென் என்பார்கள். மேக்ரோபயாடிக் வீடுகளில் இனிப்புக்கு அதுதான் முதல் தேர்வு. பாலும் சர்க்கரையும் சேர்க்காமல், இளநீரில் காய்ச்சி, வழுக்கையை நறுக்கிப் போட்டு உறைய வையுங்கள்.

விருந்தோம்பி:

இளநீர்க் கடற்பாசி! இதற்கு அந்த அம்மையார் தேவையே இல்லை, நாளைக்கே செய்கிறேன்.